நுரையண்ணனின் போதையில்லாத பீர்

குடித்துவிட்டுத் தெருவைத் தொல்லை செய்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடியை விட்டுவிட்டு ஒரு தெருவையே படாத பாடு படுத்திய மனிதரைப் பார்த்ததுண்டா? மதுரை ஜில்லா முழுக்கத் தேடினாலும் அப்படி ஒருவர்தான் கிடைப்பார். அவர் எனக்குப் பக்கத்துப் போர்ஷனில் வந்து வாய்த்தார். என் ஜாதகம் அப்படி.

எண்பதுகளின் தொடக்கம். மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊரெங்கும் கடைகளைத் திறந்திருந்தார்கள். ஆரப்பாளையத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாகக் குடித்தனங்கள். நானும் அவரும் ஒரே அரசாங்க ஆபீஸ். நான் டைப்பிஸ்ட், அவர் படம் வரைகிற டிராப்ட்ஸ்மேன். சம்பளப் பட்டியலில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. மற்ற எல்லா இடத்திலும் அவர் நுரையண்ணன். பீரை ஊற்றினால் டம்ளருக்கு மேலே ரெண்டு விரற்கடை நுரை நிற்க வேண்டும் அவருக்கு. நிற்கிறதா என்று ஆபீஸ் ஸ்கேலை வைத்து அளப்பார். நுரை குறைந்தால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடைக்காரனிடம் சண்டைக்குப் போய்விடுவார். இப்படி அளந்து பார்க்கிற மனிதர் அளவாகவாவது குடித்தாரா என்றால், அதுதான் கிடையாது.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்கு டி. கல்லுப்பட்டி. அப்பா கதர் வேட்டிக்காரர், ஆசிரமத்தில் ராட்டை சுற்றியவர், டீகூடக் குடிக்கமாட்டார். அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இந்த வீட்டில் தினமும் பீர் வாடை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காம்பவுண்டே வேடிக்கை பார்க்கத்தான் சொன்னார்.

"கருப்பன் வாசல்ல சத்தியம் பண்ணுங்க. தை பொறக்குற வரைக்கும் தொடாம இருங்க. இருந்தா வாரேன். இல்லைன்னா நான் எங்கய்யா வீட்டோடயே இருந்துக்கிறேன்."

அதே வாரம் நுரையண்ணன் அழகர்கோயிலுக்குப் போய், பதினெட்டாம்படிக் கருப்பன் கதவு முன்னால் நின்று, மாமனார் சாட்சியாகச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட எங்கள் பக்கத்தில் அந்தக் கதவைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வான். திரும்பி வந்தவர் நேராக என் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"மாப்ள, பீர விட்டுட்டேன். ஆனா இந்தச் சாயங்காலத்த வச்சு என்ன செய்யிறது?"

"டீ குடிங்கண்ணே."

"டீயில நுரை நிக்குமாடா?"

சனி என்னைப் பிடித்தது அந்தக் கேள்வியில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நானுண்டு என் தூக்கமுண்டு என்று கிடந்தவனை எழுப்பி, சைக்கிள் கேரியரில் ஏற்றி, ஒரு சோடாக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். முதலாளி நல்ல மனிதர். கலர், பன்னீர், ஐஸ்கிரீம் சோடா, ஜிஞ்சர் என்று இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தார். நுரையண்ணன் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலில் தூக்கிப் பிடித்தார். திறந்து காதோரம் வைத்துக் கேட்டார். பன்னீரை மோந்துவிட்டு, "கல்யாண வீட்டு வாடை அடிக்குது" என்று தள்ளினார். ஐஸ்கிரீம் சோடாவைத் தொடவே இல்லை. ஜிஞ்சரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது கொஞ்சம் கிட்ட வருது. ஆனா இனிக்குதே முதலாளி!"

"கலருன்னா இனிக்கத்தான சார் செய்யும்?"

"எனக்கு இனிக்கக் கூடாது. கசக்கணும். பழுப்பா இருக்கணும். நுரை நிக்கணும். குடிச்சா தொண்டையப் பிடிக்கணும். ஆனா ஒரு சொட்டுப் போதை இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா கருப்பன் என்னைய உசுரோட விடமாட்டான்."

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன்.

அதன் பிறகு எத்தனை ஞாயிறுகள் அந்தக் கம்பெனியில் போயின என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். சீனியைக் கருக்கி விட்டதில் பழுப்பு நிறம் வந்தது. சர்க்கரைப்பாகைக் குறைத்து இஞ்சியைக் கூட்டியதில் தொண்டையைப் பிடித்தது. கசப்புக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. நுரையண்ணனே நாட்டுமருந்துக் கடைக்குப் போய் நிலவேம்பு வாங்கிவந்து கஷாயம் போட்டு ஊற்றச் சொன்னார். நுரை மட்டும் நிற்கவில்லை. வெறுத்துப்போன முதலாளி கடைசியில், "பேசாம பூந்திக்கொட்டைய ஊறப்போட்டு விட்டுருவமா சார்?" என்றார். பட்டுச்சேலை துவைக்கிற பூந்திக்கொட்டை! அவர் கேலியாகத்தான் சொன்னார். இவர் உட்கார்ந்து யோசித்தார்.

"வயித்துக்குள்ள போயி நுரைச்சா என்ன முதலாளி செய்யிறது?"

"சுத்தமாயிரும் சார்."

நல்லவேளை, கேஸைக் கூட்டி அடைத்ததில் நுரை நின்றது. ஸ்கேல் வைத்து அளந்து சரி என்றார். பாட்டிலும் பழைய பீர் பாட்டிலாகத்தான் இருக்க வேண்டுமாம். கழுவி, காய வைத்து, மூடி போட்டு, வாராவாரம் ஒரு கிரேட் நிறையப் பாட்டில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு எப்போது எது முடிந்திருக்கிறது?

முதல் கிரேட் வந்த அன்று புதிதாக ஒரு பயம் வந்துவிட்டது அவருக்கு.

"மாப்ள, இஞ்சி ஊறுனா புளிக்கும். புளிச்சா போதை வந்துரும். வந்துச்சுன்னா சத்தியம் போச்சு, ஒம் மதினியும் போச்சு. யாராச்சும் மொதல்ல குடிச்சுப் பாத்துச் சொல்லணும்."

"நான் வேணா குடிச்சுப் பாக்கவாண்ணே?"

"ஒனக்கு என்னடா தெரியும்? நீ வாழ்நாள்ல குடிச்சதுண்டா? போதை எதுன்னு தெரிஞ்சவன்ல சொல்லணும்!"

தெரிந்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். பெயின்டர். கடை போர்டு எழுதுகிறவர். எங்கள் ஏரியாவில் போதை விஷயத்தில் அவர் வாக்குக்கு எதிர்வாக்கு கிடையாது. வாராவாரம் கிரேட் வந்ததும் நான் போய் அவரைக் கூட்டிவர வேண்டும். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிப்பார். நுரையண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிஷம் கழித்துப் பெயின்டர் எழவு வீட்டில் பேசுகிற குரலில் தீர்ப்புச் சொல்வார்.

"ஒண்ணுமே இல்லண்ணே. சுத்தமா ஒண்ணுமே இல்ல. எதுக்குண்ணே என்னைய இப்படிப் போட்டு வதைக்கிறீக?"

"அப்படிச் சொல்லுடா என் தங்கம்!" என்று நுரையண்ணன் அவரைக் கட்டிக்கொள்வார்.

ஒரு வாரம் மட்டும் பெயின்டர் உதட்டை நக்கிவிட்டு, "லேசா இருக்கிற மாதிரி இருக்குண்ணே. நீங்க தொடாதீக, நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றார். அவ்வளவுதான். நுரையண்ணன் கிரேட் மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டச் சொல்லிவிட்டார். பெயின்டர் அதற்கப்புறம் பொய் சொல்லவே இல்லை.

இதோடு விட்டாரா? தெருவில் யாரோ கல்லுப்பட்டிக்குத் துப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் அவருக்கு. பீர் பாட்டில் வருவதை மட்டும் பார்த்துவிட்டு எவனாவது வத்தி வைத்துவிட்டால்? அதனால் கிரேட் கொண்டுவருகிற டிரைசைக்கிள்காரர் காம்பவுண்டு வாசலில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்று உத்தரவு. "போதையில்லாத இஞ்சி பீர் வந்திருக்கு, கருப்பனறிய!" முதல் வாரம் அந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே கத்தினார். தெருவே வெளியே வந்து பார்த்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெயிலில் கிரேட் மிதித்து வருகிற மனிதருக்கு எத்தனை நாளைக்கு அவ்வளவு நீளமாகக் கத்த முடியும்? முதலில் கருப்பன் உதிர்ந்தார். பிறகு போதையில்லாததும் போயிற்று. கார்த்திகை வாக்கில் இஞ்சியும் போய்விட்டது. நுரையண்ணனும் கவனிக்கவில்லை, தெருவுக்கும் பழகிவிட்டது. தை பிறக்கிற சமயத்தில் வெறுமனே "சார்ர்ர்... பீரேய்!" என்பதில் வந்து நின்றிருந்தது.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், திருமங்கலத்தில் பஸ் மாறி, கரும்புக் கட்டோடு மாமனார் வந்து இறங்கினார். பின்னால் மதினி. ரிக்ஷாவில் அந்த டிரங்குப் பெட்டி. நுரையண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே, அவர் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பயந்திருக்கமாட்டார்! மாமனார் வீட்டுக்குள் காலை வைக்குமுன் மூக்கை விட்டுப் பார்த்தார். நுரையண்ணன் காய்ச்சி வைத்திருந்த பாயாச வாசனைதான் வந்தது. முகம் இளகிவிட்டது.

"பரவாயில்ல மாப்பிள்ளை. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீக. நான்கூட..."

"சார்ர்ர்... பீரேய்!"

பொங்கலுக்கு லீவு என்று சொல்லியிருந்தும், இனாம் வாங்குகிற சாக்கில் டிரைசைக்கிள்காரர் வந்து நிற்கிறார். கிரேட் நிறையப் பழுப்புப் பாட்டில்.

மாமனார் கரும்பைக் கீழே போட்டார். நுரையண்ணனுக்கு நாக்குக் குழறியது.

"மாமா, தப்பா நெனைக்காதீக. இது... இது போதையில்லாத பீரு."

"எனக்கு வயசாயிருச்சுதான் மாப்பிள்ளை. அதுக்காக இப்படியா? ஒலகத்துல எங்கயாவது போதையில்லாத பீரு உண்டா?"

"நம்ம ஆரப்பாளையத்துல உண்டு மாமா. டெஸ்ட் பண்ணியே காட்டுறேன். மாப்ள, ஓடிப்போய்ப் பெயின்டரக் கூட்டியா!"

ஓடினேன். பண்டிகை நாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெயின்டர் காலையிலேயே நன்றாகக் கொண்டாடி முடித்திருந்தார். ஏணியில் நின்று பழகிய கால் பாருங்கள், நேராகத்தான் நடந்து வந்தார். வந்து மாமனாருக்கு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டார். டம்ளரை வாங்கினார். மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அய்யா, கருப்பன் மேல ஆணையாச் சொல்றேன், இதுல சுத்தமா ஒண்ணுமே..."

அதற்கு மேல் வரவில்லை. சுவரில் சாய்ந்தவர் அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து, குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

"கிளம்பு தாயி" என்றார் மாமனார்.

நுரையண்ணனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற மனிதர், கைகள் ரெண்டையும் தொங்கப்போட்டுக்கொண்டு டிரங்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை மாதப் பாடும் ஒரு குறட்டையில் போய்விட்டது. "நான் சாட்சிங்கய்யா, அவர் குடிக்கல" என்றேன். மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றார் மதினி.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிரேட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"ஏ, என்னத்தா செய்யிற? வை அத!" என்று பதறினார் மாமனார்.

மதினி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாதி பாட்டில். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருமுனைவரை கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம் விட்டார். பிறகு டிரங்குப் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டார். மாமனார் குனிந்து மகள் கண்ணைப் பார்ப்பதும் நிமிர்வதுமாக இருந்தார்.

"தலைய சுத்துதா தாயி?"

"சுத்தல. கொமட்டுது."

பெயின்டருக்கு வைக்கிற அதே பத்து நிமிஷம் போனது. மதினி எழுந்து, தெளிவாக நாலு எட்டு நடந்து, புருஷன் முன்னால் போய் நின்றார்.

"இந்தக் கண்றாவியவா தெனமும் குடிச்சீக?"

"ம்."

"நல்லாவா இருந்துச்சு?"

நுரையண்ணன் என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல."

"பெறகு எதுக்குக் குடிச்சீக?"

"சாயங்காலமானா காலு கடைப் பக்கமா இழுக்கும். எதையாச்சும் குடிச்சாத்தான் நிக்கும். நீ வரணும்ல."

மதினி முந்தானையால் மூக்கைச் சிந்தினார். அப்பாவைப் பார்த்து, "உள்ள வாங்கய்யா, பாயாசம் ஆறுது" என்றார். டிரங்குப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மாமனார் கரும்பைப் பொறுக்கிக்கொண்டு, வாசலில் கிடந்த பெயின்டரைத் தாண்டி, பின்னாலேயே போய்விட்டார்.

நுரையண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகவே செய்தார். மதினி மிச்சம் வைத்த பாட்டில் கீழே இருந்தது. இத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்தும் நான் அதை வாயில் வைத்ததில்லை. எடுத்துக் குடித்தேன். வேப்பங்கொழுந்தையும் இஞ்சியையும் அரைத்து வாயில் அடைத்த மாதிரி இருந்தது. இதையா இந்த மனிதர் சாயங்காலம் தவறாமல் குடித்தார் என்று நினைத்தபோது, அவர் மேல் எனக்கிருந்த அலுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.