உபரிக் கண்ணீர்

மக்கள் காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்பே ஆச்சரியப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பதை அரசாங்கம் மிகுந்த கவலையோடு கவனித்து வந்தது. போனைத் திறந்தால் ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினால், சதுரம் சதுரமாக மலம் கழிக்கும் ஒரு பிராணி. அதற்கும் கீழே, நன்றாக மூடி வைத்த தேன் கெடவே கெடாது. இப்படி வீட்டிலேயே வரைமுறையின்றி ஆச்சரியப்பட்டுவிட்டு அலுவலகம் வருகிறவர்கள், அங்கே உண்மையாகவே ஆச்சரியப்பட வேண்டியவற்றைக் கண்டுகொள்வதே இல்லை என்று ஒரு குழு அறிக்கை தந்தது. அதன் பேரில் விந்தைச் செய்தி வகைப்பாட்டு அலுவலகம் நிறுவப்பட்டது.

வேலை எளிதுதான். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் சுவையான செய்தி எதுவாக இருந்தாலும் அது அறிவியலா, விந்தையா, நகைச்சுவையா என்று முத்திரை வாங்க வேண்டும். முத்திரையைப் பார்த்த பிறகே பெறுநர் தலையாட்டலாம், வாயைப் பிளக்கலாம், அல்லது சிரிக்கலாம். ஆக்டோபஸ் கோப்பு மட்டும் இன்னும் முடியவில்லை. மூன்றில் எது தலைமை இதயம் என்று விளக்கம் கேட்டு மீன்வளத் துறைக்கு எழுதியிருக்கிறார்கள். பதில் வரவில்லை.

எங்கள் குடியிருப்பில் பெண்களுக்கென்று ஒரு போன் குழு உண்டு. அதை நடத்துகிறவர் என் பக்கத்து வீட்டு அக்கா. அட்மின் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய கணவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். உலகத்தில் எங்கே எது நடந்தாலும் அக்காவுக்கு வந்துவிடும், அக்காவிடமிருந்து எங்களுக்கு வந்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் "வந்ததை அனுப்பினேன்" என்று மறக்காமல் எழுதுவார். அதாவது, உண்மை என்றால் அவர் சொன்னது. பொய் என்றால் அவருக்கு வந்தது.

குழுவுக்கென்று ஒரு நாகரிகமும் இருந்தது. என்ன செய்தி வந்தாலும், சிரித்துச் சிரித்து இரண்டு கண்ணிலும் நீர் தெறிக்கிற அந்த மஞ்சள் மூஞ்சியைப் போட்டுவிட வேண்டும். படிக்க வேண்டிய அவசியமில்லை. போடாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று பேர் வந்துவிடும். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்கும் மூஞ்சி, கீழ்வீட்டு டீச்சர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதற்கும் மூஞ்சி. நானும் போட்டேன். இடது கையில் குழந்தை, வலது கட்டைவிரலில் மூஞ்சி.

குழந்தை என்றேன் அல்லவா, விஷயமே அதுதான். பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அழுவாள். ஊரைக் கூட்டி அழுவாள். ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வராது. பயந்துபோனேன். பயப்படுவது எனக்குப் புதிதல்ல. கான்வென்ட்டில் படித்தவள். எங்கே மணியடித்தாலும் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுவேன்.

"என்னங்க, இவ கண்ணைப் பாருங்களேன். காஞ்சு கெடக்கு."

"நல்லதுதானே, துடைக்கிற வேலை மிச்சம்" என்றார் என் வீட்டுக்காரர்.

போனில் தேடினேன். பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில வாரங்கள் வழிகிற அளவுக்குக் கண்ணீர் சுரக்காது என்று போட்டிருந்தது. அப்போதும் மனசு கேட்காமல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "எல்லாப் பிள்ளையும் அப்படித்தாம்மா. நீ முதல்ல போய்த் தூங்கு" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் குழுவில் எழுதினேன்: "தெரியுமா? பிறந்த குழந்தைகள் கண்ணீர் இல்லாமல்தான் அழும். என் மகளும் அப்படித்தான்!" முத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

குழு முழுக்க மூஞ்சிகள் கொட்டின. அட்மின் அக்கா "வந்ததை அனுப்பினேன்" என்று சேர்த்து நாலு பக்கமும் அனுப்பினார். நாலாவது பக்கத்தில் வகைப்பாட்டு அலுவலகம் இருந்தது.

வகைப்பாட்டு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன். நாற்காலி ஒன்று இருந்தது. அதில் ஆக்டோபஸ் கோப்பு உட்கார்ந்திருந்தது.

"கண்ணீர் இல்லாத அழுகைன்னு எழுதினது நீங்கதானா?"

"ஆமா சார். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க."

"டாக்டர் சொன்னதுக்கு முத்திரை இருக்கா?"

"இல்ல சார், வாயால சொன்னாங்க."

அவர் வருத்தத்தோடு விதிப் புத்தகத்தைத் திறந்தார். "'அழுகை என்பது கண்ணீரும் சத்தமும் ஒருங்கே வெளிப்படும் நிகழ்வு.' கண்ணீர் மட்டும் வந்தா அது வெங்காயம். சத்தம் மட்டும் வந்தா?"

வகுப்பில் கேட்கிற கேள்வி என்று நினைத்து, "பசி, சார்" என்றேன்.

"சத்தம் மட்டும் வந்தா அது சத்தம்தாம்மா."

சொல்லி வைத்த மாதிரி குழந்தை விழித்துக்கொண்டது. "இதோ பாருங்க சார், அழறா!"

"அழல. சத்தம் போடுது" என்று திருத்தினார். "சத்தம் எங்க பிரிவு இல்ல. மேல் மாடி."

கோப்பு மேல் மாடிக்கு ஏறியது.

மறு வாரம் சத்தப் பிரிவு ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். தங்கமான மனிதர். ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார். கையில் சத்தம் அளக்கும் கருவி. குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது.

"கொஞ்சம் போட்டுக் காட்டுங்க மேடம்."

"எதை சார்?"

"சாதனத்தை."

"சார், அது என் பொண்ணு."

"கோப்புல சாதனம்னு இருக்கு மேடம். எங்ககிட்ட வர்றதெல்லாம் ஸ்பீக்கரு, ஜெனரேட்டரு, மாவு மில்லு. அதுக்குன்னு அச்சடிச்ச நோட்டீஸ்தான் எல்லாருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

கருவியின் பொத்தானை அமுக்கினார். அது 'பீப்' என்றது. அவ்வளவுதான், குழந்தை எழுந்துவிட்டது. முள் கடைசிவரை ஓடி அங்கேயே நின்றுகொண்டது.

"அடேயப்பா! புது மாடலா சார்?"

"ஆமாங்க, இப்பதான் வந்தது" என்றார் என் வீட்டுக்காரர், பெருமை தாங்காமல். நான் பார்த்த பார்வையில் சமையலறைக்குள் போய்விட்டார்.

"ஆஃப் பண்றது எங்க மேடம்?"

"தெரிஞ்சா நானே பண்ணியிருக்க மாட்டேனா சார்?"

நோட்டீஸை நீட்டினார். அனுமதியின்றி ஒலி எழுப்பும் மேற்படி சாதனம் வருகிற வெள்ளிக்கிழமை கையகப்படுத்தப்பட்டு, அலுவலகக் கிடங்கில் வைத்துப் பாதுகாக்கப்படும். ஆட்சேபணை உள்ளவர்கள் கண்ணீருக்கான ஆதாரத்துடன் அணுகவும்.

"கிடங்குலயா?" நோட்டீஸை மறுபடி படித்தேன்.

"பயப்படாதீங்க மேடம். தூசி படாம துணி போட்டு மூடி வெச்சிருப்போம். எலித் தொல்லையும் இப்ப கம்மி."

"பால் குடிக்கிற பிள்ளை, சார்."

"ஒரே ஒரு சொட்டு காட்டுங்க, இங்கேயே கோப்பை மூடிடறேன். என் கையில என்ன இருக்கு சொல்லுங்க?"

அவர் கையில் நோட்டீஸின் இரண்டாவது நகல் இருந்தது.

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். குழந்தை சிணுங்கினால் ஓடிப்போய்க் கண்ணைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரர் யோசனை சொன்னார்.

"பக்கத்துல உக்காந்து ஒரு வெங்காயம் உரிச்சா என்ன?"

"உங்க கண்ணுல தேய்க்கறேன், வாங்க."

"சரி விடு. கொண்டு போகட்டுமே. ரெண்டு ராத்திரி இவளை வெச்சிருந்தா அவனுங்களே கைகூப்பித் திருப்பிக் கொடுத்துடுவானுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டீஸில் 'சாதனம்' என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'பாப்பா' என்று எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அட்மின் அக்காவும் கைவிடவில்லை. இரை தின்னும்போது முதலைக்குக் கண்ணீர் வரும் என்ற தகவலை எனக்கென்றே தேடி எடுத்து அனுப்பினார். பழக்கதோஷத்தில் மூஞ்சி போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஆய்வாளர், கூட இரண்டு ஆட்கள், அவர்கள் கையில் மடித்த துணி. குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். என் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"சார், என்னோடதை எடுத்துக்குங்க. எவ்வளவு வேணும்?"

ஆய்வாளர் உண்மையாகவே பரிதாபப்பட்டார். "அது உங்க கண்ணீர் மேடம். உங்க கண்ணீர் உங்க சத்தத்துக்குத்தான் செல்லும். நீங்க சத்தமே போடலையே. பாருங்க, அநியாயமா வீணாப் போகுது."

பறிமுதலுக்கு முன்னால் மூலச் செய்தியைக் கோப்பில் சேர்க்க வேண்டுமாம். அவர் என் போனை வாங்கிக் குழுவில் என் செய்தியைத் தேடி எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

"மேடம், இதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் யாரு?"

"எங்க குழுக்காரங்க, சார்."

"இத்தனை பேரும் உங்க குழந்தைக்காக அழுதிருக்காங்களா?"

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ரெண்டு கண்ணுலயும் வழியுதே! வாயைத் திறந்து கதறியிருக்காங்க. எனக்குத் தெரியாதா இந்த மூஞ்சி? எங்க பெரிய அதிகாரியோட மாமியார் தவறினப்போ நானே இதைப் பத்துத் தடவை போட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கப்புறம்தான் என்னை இந்தப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டாங்க. ஏன்னு இன்னிவரைக்கும் புரியல."

"சார், அது வந்து" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன். அவர் முகமும் ஏறக்குறைய அந்த மஞ்சள் மூஞ்சி மாதிரி ஆனது. ஆய்வாளர் அவர் தோளைத் தட்டி, "அழுங்க சார், தப்பில்ல" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து ஆணை எழுதினார். சத்தம் குழந்தையுடையது. கண்ணீர் பொதுமக்களுடையது. இரண்டையும் சேர்த்து ஒரே அழுகையாகக் கொள்ளலாம் என்பதால் பறிமுதல் கைவிடப்படுகிறது. நிபந்தனை ஒன்று மட்டும்: குழந்தை சத்தமிடும்போதெல்லாம் தாயார் குழுவில் தெரிவித்து, பொதுமக்களின் கண்ணீரைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஆட்கள் மடித்த துணியை அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து "அழுகிறாள்" என்று எழுதுவேன், மூஞ்சிகள் கொட்டும். ஒரு தடவைகூடத் தாமதம் இல்லை. செய்தி பரவி, மற்றக் குடியிருப்புத் தாய்மாரும் எங்கள் குழுவில் இடம் கேட்டு வந்தார்கள். அட்மின் அக்காவுக்குக் கண்ணீர் ஒருங்கிணைப்பாளர் என்று பட்டம் கொடுத்தார்கள். ஆய்வாளரும் பார்வையாளராகச் சேர்ந்துகொண்டார். முதல் மூஞ்சி பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. இத்தனை பேர் இருக்கிறார்களே.

பிறகு ஒரு மத்தியானம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். குழந்தையைத் தூக்கினால் உடம்பு அனலாகக் கொதித்தது. காதைக் காதைத் தேய்த்துக்கொண்டு கத்தினாள். கண்ணைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது, நின்றது, கன்னத்தில் உருண்டது. அவளுடைய சொந்தக் கண்ணீர். எதற்காக அவ்வளவு ஏங்கினேனோ, அதைப் பார்த்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

குழுவில் எழுதினேன்: "குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. நான் தனியாக இருக்கிறேன். யாராவது சீக்கிரம் வாருங்கள்."

சுவருக்கு அந்தப் பக்கம் அட்மின் அக்காவின் போன் 'டிங்' என்றது. எனக்கு நன்றாகக் கேட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூஞ்சி வந்தது. ஒன்று, அடுத்து நாலு, அப்புறம் எண்ண முடியவில்லை. ஆய்வாளர் இந்தத் தடவை இரண்டாகப் போட்டிருந்தார். கடைசியில் என் செய்தி மற்றக் குழுக்களுக்கும் போய்விட்டது, "வந்ததை அனுப்பினேன்" என்ற வரியோடு. பக்கத்துக் கதவு மட்டும் திறக்கவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "காதுக்குள்ள சீழ் வெச்சிருக்கு. மருந்து தரேன், சரியாயிடும். தூக்கிட்டு உடனே வந்தே பாரு, அதான் நல்லது" என்றார். சாயங்காலத்துக்குள் சூடு இறங்கித் தூங்கிவிட்டாள். ஈரம் காயாத இமையோடு.

முறைப்படி நடப்பவள் நான். கண்ணீர் வந்த விவரத்தை அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். சில நாளில் சுற்றறிக்கை வந்தது. குழந்தை சொந்தக் கண்ணீர் பெற்றுவிட்டபடியால், இந்தக் குழுவில் பொதுமக்கள் இதுவரை செலுத்திய கண்ணீர் முழுவதும் உபரியாகிறது. உரியவர்கள் அலுவலக நேரத்தில் நேரில் வந்து, தாங்கள் உண்மையாகவே அழுததுதான் என்று எழுதிக் கொடுத்து, அவரவர் கண்ணீரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

குழுவில் போட்டேன், இந்தத் தடவை முறையாக முத்திரை வாங்கி. நகைச்சுவை என்று குத்தியிருந்தார்கள். எல்லோரும் மூஞ்சி போட்டார்கள்.

இதுவரை ஒருவர்கூடப் போய்க் கேட்கவில்லையாம். கீழ்வீட்டு டீச்சரின் இடுப்புக்கு நான் போட்டதும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது என்று ஆய்வாளர் சொன்னார். நானும் இன்னும் போகவில்லை. ஒன்றும் கெட்டுவிடாது என்கிறார். தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம்.