மஞ்சள் சட்டை போட்டுக்கொண்ட விவரம்

அன்புள்ள தம்பி சிவராஜுக்கு, வேலம்பாளையத்து அக்கா மயிலாள் எழுதுவது. அவிநாசியப்பர் கருணையால் இதை எழுதும்போது என் இரண்டு காலும் தரையில் இருக்கின்றன. சேவூரில் எல்லோருக்கும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நடந்தபோது இருந்தவர்கள்: நான், உன் மச்சான், ஜன்னலோரம் வாயைத் திறந்து தூங்கிய பனியன் ஆர்டர் பிடிக்கும் பையிங் ஆபீஸ்காரர், எங்களுக்கு எதிரே நின்ற விமானப் பணிப்பெண். உன் மகள் அனிதாவை அந்த வேலைக்கான பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். மும்பைக்கு, என் மகன் தரணீதரனின் குழந்தையைப் பார்க்கப் போகும்போது கவனித்துச் சொல்கிறேன் என்றேன். கவனித்தேன். வேண்டாம் கண்ணு.

ஆடித் தள்ளுபடி மாதிரி மலிவாகக் கிடைத்த டிக்கெட்டுக்கு முதல் வரிசை கொடுத்தார்கள், வினையே அங்கேதான். கதவைச் சாத்தியதும் அந்தப் பெண் எங்கள் முன்னால் நின்று, ஒலிபெருக்கியில் இங்கிலீசும் இந்தியும் ஓட ஓட, ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினாள். நான் இது புறப்படுமுன் செய்கிற பூஜை என்று நினைத்துவிட்டேன். விளக்குப் பூஜையில் முன்னால் இருப்பவர் செய்வதைத்தானே எல்லோரும் செய்வோம்? உன் மச்சான், "அந்தப் புள்ள என்னுமோ பண்ணுது, என்னன்னு கேளு" என்றார். "கேக்கறதுக்கு என்னங்க இருக்குது, அது பண்றாப்லயே பண்ணுங்க" என்று, சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் சட்டையை எடுத்து அவருக்கும் மாட்டி நானும் மாட்டிக்கொண்டேன். அவள் சிவப்புப் பிடியை இழுப்பது போலக் காட்டினாள். நான் இழுத்தே விட்டேன். புஸ்ஸென்று உப்பி என் தாடையைத் தூக்கிவிட்டது. அப்போதுதான் பின்னால் பார்த்தேன். ஒருத்தரும் பூஜை செய்யவில்லை.

ஓடி வந்து கழற்றினாள், திட்டவில்லை. என் இந்தி நம் பனியன் கம்பெனி பேக்கிங்கில் இருக்கும் பீகார் ஆட்களிடம் நானாகக் கற்றது. வேலை வாங்க ஆகும், மன்னிப்புக் கேட்க ஆகாது. அதனால் அவர்களைக் கேட்பதையே அவளிடமும் கேட்டேன், வேலைக்கு வந்து எத்தனை நாள் என்று. இந்த வாரம்தானாம். நம்மிடம் புதிதாக வருகிறவர்களைப் பனியனில் பிசிறு நூல் வெட்டத்தானே விடுவோம்? இங்கே ஆகாயத்தில் விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் வழியில், மூட்டை ஏற்றிய டெம்போ குழியில் இறங்குவது போல விமானம் இறங்கி இறங்கி ஏறியது. அந்தப் பெண் ஓடிவந்து எங்கள் எதிரே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி, கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் முணுமுணுத்தது. பயிற்சி எடுத்தவளே சாமியைக் கூப்பிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது? திருநீற்றை உன் மச்சான் நெற்றியில் பூசப்போய்க் கண்ணில் பூசிவிட்டேன். "ஏம்புள்ள, இருட்டாயிருச்சே" என்றார். எனக்கு உயிரே இல்லை. பிறகு அவளிடம் காசு கொடுத்து வாங்கிக் குடித்த தண்ணீரை, தீர்த்தம் என்று வீட்டுக் கணக்கில் கோயில் செலவாக எழுதினேன். ஊருக்கு ரயிலில்தான் திரும்பினோம்.

பிள்ளையைத் தரையிலேயே வாழவை. எல்லோருக்கும் என் ஆசிகள்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை அனிதா வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போனில் பார்த்துப் பழகியிருந்த முழுவதையும் தமிழில் செய்து காட்டினாள். விமானம் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதாம் அது. நான் பூஜை என்று கும்பிட்டேன் தம்பி. அந்த முணுமுணுப்பும் சாமி பெயர் இல்லையாம். எந்தக் கதவைத் திறப்பது, யாரை முதலில் இறக்குவது என்று மனதுக்குள் ஒப்பிப்பார்களாம், அப்படித்தான் பழக்குவார்களாம். "நீங்க மொத வரிசைங்க அத்தை, உங்களத்தான் அந்தப் புள்ள மொதல்ல எறக்கியிருக்கும்" என்றாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

தையில் மும்பையிலேயே குழந்தைக்குக் காது குத்து. உன் மச்சான் மலிவு என்று மறுபடியும் விமானத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டார். விழுவதானால் அதைத் தமிழில் சொல்ல நம் ஆள் ஒருத்தி அதில் இருக்க வேண்டும். அனிதாவைச் சேர்த்துவிடு. தைக்குள் முடித்துவிடுவாளா என்று சீக்கிரம் பதில் எழுது.