எறும்பு வராத போத்தல்

'செய்தது நான். கையைச் சுட்டுக்கொண்டதும் நான். கடைசியில் பொய் சொல்லவும் நானா?'

மேர்லின் இதை வெளியே சொல்லவில்லை. ஆய்வுகூடத் தலைவர் திவாகரன் சேருக்கு முன்னால் அவளுடைய வாய் எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் திறக்கும். அதற்குள் அவர் அடுத்த கட்டளைக்குப் போய்விடுவார்.

"கொழும்பு ஆக்கள் கல்லடிப் பாலம் தாண்டிட்டாங்களாம். 'இந்தக் கரைப்பான் சாப்பிட்டாலும் ஒண்டும் செய்யாது' எண்டு நீதான் சொல்லோணும்."

"சேர், அத நாம பரிசோதிக்கல்லயே."

"கோழித் தீனில போடுற தூளும் தேசிக்காய்ப் புளிச் சத்தும்தானே புள்ள? எந்தக் கோழி செத்திச்சு?"

கோலின் குளோரைட்டும் சிட்ரிக் அமிலமும். இரண்டும் வெள்ளைத் தூள்கள்தான். சேர்த்துச் சூடாக்கினால் தண்ணீர் ஊற்றாமலே உருகிப் பாகாகும். ஆறினாலும் இறுகாது, ஆவியாகாது. ஆழ் யூட்டெக்டிக் கரைப்பான் என்று பெயர். வாவி இறாலை உரித்த கோதை அதில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து, காயக்கட்டுக்கு உதவும் கைற்றின் மிஞ்சும். கடும் அமிலம் தேவையில்லை. மேர்லினின் மூன்று வருடம் அந்தப் பாகில் இருந்தது. பணம் போட வருகிறவர்களுக்குப் பிடித்தால்தான் ஆய்வு தொடரும்.

பாகை ஊற்றக் குடுவை கேட்டபோது, தயிருக்கு ஊற்றும் கித்துள் பனைப் பாணி வந்த வெறும் போத்தலைக் கழுவித் தந்தவர் சேர். அவள் பெயரோடு ஒட்டிய லேபலைக் காலையில் உரித்தவரும் அவரே.

"கோழி கிண்டின மாதிரி எழுத்து. அச்சடிச்சு ஒட்டுவம்."

அச்சு இயந்திரத்தில் மை இல்லை. போத்தல் மொட்டையாகவே குளிர்ப்பெட்டிக்குள், அவருடைய தயிர்ச் சட்டிக்கும் அதே மாதிரியான பாணிப் போத்தலுக்கும் பக்கத்தில் போய் நின்றது.

விருந்தினர் வந்தபோது சேர் வாயைத் துடைத்தபடி வந்தார். "இண்டைக்குத் தயிர் சரியான புளி. ஏமாத்திப்போட்டான்."

மேர்லின் குளிர்ப்பெட்டிப் போத்தலை எடுத்துக் கோதின்மேல் ஊற்றினாள். நுரைக்கவில்லை.

"இன்னும் ஊத்து."

கோது பளபளத்தது, அவ்வளவுதான்.

"சூடாக்கு!"

வட்டிலப்பத்தின் கருப்பட்டி வாசனை எழுந்தது. "வாசம் நல்லாயிருக்கே" என்றார் கொழும்பிலிருந்து வந்த அம்மையார். மேசைக் காலில் எறும்புகள் வரிசை கட்டின.

"என்ன பிழை விட்டாய்?" எல்லோர் முன்னிலையிலும் கேட்டார் சேர்.

வென்றால் 'நாங்கள்', தோற்றால் 'நீ'. மேர்லினுக்குக் காது மடல்கள் கொதித்தன.

அவர் விருந்தினர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "புள்ளையிட கவனக்குறைவு. ஆனா இதிட பாதுகாப்பப் பாருங்க, சாப்பிட்டாலும் ஒண்டும் செய்யாது. சொல்லு மேர்லின்!"

அவள் வாய் திறக்கும் முன் கதவு திறந்தது. தேநீர்த் தட்டோடு ஆய்வுகூட உதவியாளர் ஷஸ்னா. தட்டில் ஒரு மொட்டைப் போத்தல்.

"சேர், நீங்க தயிருக்கு ஊத்தின பாணி மூடாமக் கிடந்திச்சு. புதினம் பாருங்க, ஒரு எறும்பு கூட வரல்ல."

அறை முழுவதும் கோதை நோக்கி ஏறிய எறும்புகளைப் பார்த்தது. பிறகு அந்தப் போத்தலை. பிறகு சேரை. அவருடைய கை மெல்ல வயிற்றுக்குப் போனது.

"மேர்லின்... சாப்பிட்டா ஒண்டும் செய்யாதுதானே? சொல்லு புள்ள."

இந்த முறை அவள் வாய் பிந்தவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வாகனம் எடுக்கச் சொல்றன் சேர்" என்றாள் மெதுவாக. "ஆனா அப்பிடிச் சொல்லமாட்டன். அத நாம இன்னும் பரிசோதிக்கல்ல."