சாம்பல்கோனின் நியாயம்

சாம்பல்கோனின் மீசையை எடுத்துவிடுவது என்று இளம்பரிதி முடிவு செய்தபோது சுரங்கத்து ஷிஃப்ட் பஸ் ஆர்ச் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் தனகோட்டி செல்போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

"யோவ் பரிதி, இந்த சாம்பல்கோன் யாருன்னு எனக்குத் தெரியும்யா," என்றான் பஸ் முழுக்கக் கேட்கும்படி. "மீசையை முறுக்கிகினு, 'நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு'ங்கறான் பாரு. அச்சு அசல் உங்க அண்ணன்."

நாலைந்து தலைகள் திரும்பின.

"சும்மா இருய்யா. அவன் வேற உலகத்து அரசன். வானத்துல பறப்பான்."

"உங்க அண்ணனும் புது புல்லட்டுல அப்டிதானே பறக்கறாரு?"

பஸ் சிரித்தது. இளம்பரிதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கன்வேயர் பெல்ட்டில் அவன் இருபத்தொரு வருஷமாக காண்ட்ராக்ட் தொழிலாளி. வீட்டில் இருக்கும் நேரத்தில், செல்போன் கதைச் செயலி ஒன்றுக்காக வாரம் ஒரு பகுதி சூப்பர் ஹீரோ தொடர் எழுதி, தானே குரலும் கொடுத்துவந்தான். ஹீரோ சுடரோன், உள்ளங்கையிலிருந்து நெருப்பு வரும். வில்லன் சாம்பல்கோன், சுடரோனுடைய அண்ணன். தகப்பன் இரண்டு பேருக்கும் விட்டுப்போன கனல்கல்லைத் தனியாளாக எடுத்துக்கொண்டு சிம்மாசனம் ஏறிய கொடுங்கோலன்.

கனல்கல்லை இளம்பரிதி வெகுதூரம் போய்த் தேடவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்துக்காக அவர்கள் ஊரை எடுத்தபோது அவர்கள் வீட்டுக்கு ஈடாகச் சுரங்கத்தில் ஒரே ஒரு வேலை கிடைத்தது. அண்ணன் செங்குட்டுவன் போனார். பர்மனென்ட் ஆனார், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸுக்குப் போனார். தம்பிக்கு மாற்று மனையில் கட்டிய வீடும் அம்மாவும்.

அம்மா படுத்த படுக்கையானபோது அண்ணன் இரண்டு முறை பார்க்க வந்தார். இரண்டு முறையும் அம்மா தூங்குகிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினான் இளம்பரிதி. தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவள் உயிர் போனபோது அண்ணன் நைட் ஷிஃப்டில் இருந்தார். வேலையில் இருப்பவரை எதற்குக் கலவரப்படுத்துவது என்று விடிந்த பிறகே ஆள் அனுப்பினான். சுடுகாட்டில் ஏதோ வாய்த்தகராறு. எட்டு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா போனதை நினைத்தால் வருத்தம் வரும். அந்த வேலையை நினைத்தால்தான் கோபம் வரும்.

இப்போது சிக்கல் மகள் இசைப்பிரியா கல்யாணத்தில் வந்து நின்றது. மாப்பிள்ளை வீடு சேத்தியாத்தோப்பு. பெரியப்பா முன்னால் நின்றால்தான் தட்டு மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு நிச்சயதார்த்தம். மனைவி பொற்கொடி குவார்ட்டர்ஸ் வரை போய் அழைத்துவிட்டு வந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"'பாக்கலாம்'னாருங்க."

அந்தப் 'பாக்கலாம்' அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். அதற்குள் இந்தக் கதை அவர் காதுக்குப் போய்விட்டால்?

அடுத்த பகுதியிலேயே ஒரு சண்டை வைத்தான். சுடரோன் வீசிய நெருப்பில் சாம்பல்கோனின் மீசையும் தலைமுடியும் பொசுங்கிப்போயின. இனி எவன் வந்து அண்ணன் ஜாடை என்பான்?

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியதும் தனகோட்டி எழுந்து நின்று கும்பிட்டான்.

"யோவ், நீ மகானுய்யா! உங்க அண்ணன் நேத்து வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுகினு வந்திருக்காரு, மீசையும் இல்ல. ரிட்டயர் ஆவறதுக்கு முந்தி வேண்டுதலாம். நீ வெள்ளிக்கிழமையே சொல்லிட்டியே!"

இளம்பரிதி அவனைப் பிடித்து சீட்டில் உட்காரவைத்தான்.

அன்று மாலை சென்னையிலிருந்து செயலியின் ஆசிரியை கிருஷ்ணப்ரியா பேசினாள்.

"சார், உங்க ஹீரோ ஓகே. வில்லன்தான் அட்டையில வெட்டி வச்ச மாதிரி இருக்கான். ஏன் அந்தக் கல்லை எடுத்துக்கிட்டான்?"

"கெட்டவன் மேடம். அதான் எடுத்துகினான்."

"யாரும் தன்னைக் கெட்டவன்னு நினைச்சுக்கிட்டு காலையில பல் தேய்க்கறதில்ல சார். கொடுங்கோலனுக்கும் ஒரு நியாயம் இருக்கணும். கண்ணாடியில பார்த்தா அவனுக்கு நல்லவன்தான் தெரியணும். இல்லன்னா தொடரை நிறுத்திடுவாங்க."

இது நல்ல வழியாகவே பட்டது. வில்லனை நல்லவனாக்கிவிட்டால், அண்ணன் அடையாளம் கண்டுகொண்டாலும் கோபிக்க மாட்டார். ஆனால் நியாயம் என்று என்னத்தை எழுதுவது? முப்பது வருஷத்தில் அவன் அதை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"பொற்கொடி, அண்ணன் எதுக்கு அந்த வேலையை எடுத்துகினாரு?"

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களுக்கு அப்ப பதினேழு வயசு. பதினேழு வயசுப் பையனை எவன் வேலைக்குச் சேப்பான்? வேற யாரு போவா?"

பதினேழு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் எண்ணினால் மாறுமோ என்று இன்னொரு முறை எண்ணினான். மாறவில்லை.

அந்த வாரம், கனல்கல்லைச் சாம்பல்கோன் எடுத்தது தம்பியின் சின்னக் கை வெந்துபோகக் கூடாது என்பதற்காக, என்று எழுதினான். தம்பி வளர்ந்தபின் கொடுக்கலாம் என்றிருந்தவனுக்கு, பிறகு விட மனம் வரவில்லை. பதிவு செய்யும்போது பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான்.

கேட்டவர்கள் உருகிவிட்டார்கள். ஆனால் உருகியவர்கள் எல்லாரும் ஹீரோவை விட்டுவிட்டு வில்லன் பக்கம் போனார்கள்.

"கேன்டீன்ல உன் சுடரோனைத் திட்டாத ஆளே இல்ல," என்றான் தனகோட்டி. "எரும மாடு மாதிரி வளந்துட்டு, கல்லு கல்லுன்னு அழுதுகினு கீறான். இப்ப சந்தேகமே இல்லய்யா, இது உங்க வூட்டுக் கதைதான்."

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இரண்டு வாரம். இளம்பரிதி கடைசி ஆயுதத்தை எடுத்தான். எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினான். சாம்பல்கோன் உண்மையில் அண்ணன் இல்லை, தம்பி என்று ஒரு ரகசியம் வெளிப்பட்டது. அரண்மனையை இடித்துவிட்டு அவனை ஊர்க்கோடியில் ஒரு தனி வீட்டில் குடிவைத்தான். கல்லையும் சிம்மாசனத்திலிருந்து இறக்கி, அந்த வீட்டின் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினான். குவார்ட்டர்ஸில் இருக்கும் அண்ணனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எவன் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

"சூப்பர் சார்," என்றாள் கிருஷ்ணப்ரியா. "ஆனா கூடப் பொறந்தவனுக்குக்கூட ஏன் கல்லைக் காட்ட மாட்டேங்கறான்?"

அதற்கும் ஒரு நியாயம் எழுதினான். காட்டினால் பங்கு கேட்பார்களோ என்ற பயம். அவனிடம் இருந்ததே அது ஒன்றுதான். கடைசிப் பகுதியில் கல் அணைந்துபோனது. அணைந்த இரவில், கதவைத் திறந்து யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல் சாம்பலைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான் சாம்பல்கோன்.

இந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று இளம்பரிதிக்குத் தெரியவில்லை. அண்ணன் ரிட்டயர் ஆகிற மாதம் அது; கல் அணைவது பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். பாவம், முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் புழுதி தின்ற மனுஷன். அவரைப் போய் இத்தனை காலம் கொடுங்கோலன் என்று நினைத்தோமே.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கியபோது மணி பத்து. பெரியப்பாவைக் காணோம். பொற்கொடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். "முகூர்த்தம் போவுதுங்களே," என்றார் சம்பந்தி. இளம்பரிதி தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பத்தரைக்கு புல்லட் சத்தம் கேட்டது.

முடி அரும்பத் தொடங்கிய மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு செங்குட்டுவன் இறங்கினார். பின்னால் ஆட்டோவில் அண்ணியும் மகள் எழில்மதியும் வரிசைத் தட்டுகளோடு வந்தார்கள். அவர் நேராக வந்து தம்பியின் முன்னால் நின்றார்.

"டேய் பரிதி. கதை பூராவும் கேட்டேன்டா. மொத பகுதிலேர்ந்து."

இளம்பரிதி ஒரு அடி பின்னால் போனான். "அண்ணே, அது வந்து… சும்மா கற்பனைக்கு…"

"போதும்டா." அண்ணன் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். வெயிலும் சந்தனமும் கலந்த வாசனை. "இவ்ளோ யோசிச்சி வச்சிருக்கன்னு எனக்குத் தெரியாமப் பூட்டுதே. ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருந்தா எட்டு வருஷம் போயிருக்குமாடா? வுடு. முடிஞ்சது முடிஞ்சி போச்சி."

தட்டு மாறியது. பெரியப்பா முன்னால் நின்றார். இசைப்பிரியா காலில் விழுந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளம்பரிதி துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டான். ஊரே கேட்கத் தன்னை வில்லனாக்கிய தம்பியைக் கட்டிப்பிடிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அம்மா இருந்து இதைப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தான்.

பந்தி முடிந்து, எழில்மதி கொல்லைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவளிடம் போய் நின்றான்.

"எழிலு, உங்கப்பா நெஜமாவே கோச்சிக்கலியாம்மா? அவரைப் போயி சாம்பல்கோனா எழுதிட்டேனேன்னு மனசு அடிச்சிகினே இருக்குது."

எழில்மதி குழாயை மூடினாள். கையை உதறிக்கொண்டு, அவனைப் புரியாமல் பார்த்தாள்.

"இன்னா சித்தப்பா சொல்றீங்க? அப்பாதான் சுடரோன், எங்க ஆயாவைக் கடைசிவரைக்கும் கண்ணுல காட்டாத சாம்பல்கோனே தப்பை ஒத்துகினான்னுதானே அவரு இன்னிக்கி கெளம்பி வந்தாரு."