ஐம்பதடிச் சேறு

நான்கு சக்கரங்களும் சுற்றின. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

காசிராஜன் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். கரிசல் களி சக்கரத்தின் பாதி உயரத்துக்கு அப்பியிருந்தது. பசுவந்தனைத் தார்ச்சாலையிலிருந்து இறங்கி, பருத்திக்காட்டின் ஊடே அரைக் கிலோமீட்டர் போனால் அவருடைய மாமனாரின் தோட்டத்து வீடு. அந்த அரைக் கிலோமீட்டரில் ஓர் ஐம்பதடி மட்டும் சேறு. அதற்கு முன்னும் பின்னும் மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது.

“மழை பெஞ்சு மூணு மாசம் ஆச்சு. இந்த இடம் மட்டும் எப்படிட்டி ஈரமா இருக்கு?”

பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த மனைவி செல்வலட்சுமி தன் அம்மா வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு என்ன தெரியும்? மண்ணோட குணமா இருக்கும். நான் இறங்கி நடக்கேன்.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறி நடந்தும் விட்டாள். எதிரே மாமனாரின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கருப்பசாமி வந்தான்.

“டிராக்டரு கோடை உழவுக்குப் போயிருக்கு அண்ணாச்சி. நாளைக்குக் காலையிலதான் வரும்.”

“போன தடவையும் இதையேதாம்ப்பா சொன்ன.”

“போன தடவையும் உழவுக்குத்தான் போயிருந்துச்சு.”

காசிராஜன் கோவில்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பதினொரு வருடமாக உதவியாளர். பழைய எஸ்யூவி ஒன்றை ஆறு மாதத்துக்கு முன்பு வாங்கியிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீசுக்கு. பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு மாமனார் வீட்டுக் காட்டுப்பாதைக்கு. காலை எட்டரைக்குப் புறப்பாடு, மாலை நான்குக்குத் திரும்புதல் என்று டைரியில் எழுதியே வைத்திருந்தார். ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்று செல்வலட்சுமி முன்பெல்லாம் கேட்பாள். திங்கள்கிழமை ஆபீஸ் என்பார். அதற்கு மேல் அவளும் கேட்பதில்லை.

ஆனால் இது இரண்டாவது சிக்கல். இரண்டு திங்கள்கிழமை லீவு. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் டிராக்டர்க் கயிற்றை எந்த இடத்தில் கட்டுவார்கள் என்று கூட நின்று பார்க்காமல் அவரால் போக முடியாது. தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று மாமனார் சொன்னதற்கு, நடப்பதற்கா வண்டி வாங்கினேன் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் தீபலட்சுமி அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேரு இருக்கு சார். திங்கள்கிழமைதோறும் லீவுன்னா நான் என்னன்னு எழுத?”

“வண்டி சேத்துல மாட்டிக்கிட்டு மேடம்.”

“இந்த வெயில்லயா?”

காசிராஜன் இதைச் செல்வலட்சுமியிடம் சொல்லவில்லை. வண்டி வாங்கியதே தப்பு என்று அவள் ஆரம்பித்துவிட்டால் முடிக்கமாட்டாள் என்று பயம்.

அன்று மாலையே எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் சீனியிடம் போனார். சீனி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“வண்டி நல்ல வண்டிதான் அண்ணாச்சி. டயருதான் டவுன் டயரு.”

அகலமாக, கட்டை கட்டையாகப் பல் வைத்த சேற்று டயர் நான்கு மாட்டினான். மறுநாள் ஆபீஸ் வாசலில் வண்டியைத் திருப்பும்போது டயர் உள்ளே தகரத்தில் உரசி, யாரோ தேங்காய் துருவுகிற மாதிரிச் சத்தம் வந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்து அடியில் குனிந்து பார்த்தார்.

அடுத்த மாமனார் வீட்டு ஞாயிறும் அதே ஐம்பதடி. பல்லெல்லாம் களியால் அடைபட்டு, டயர் அம்மிக்குழவி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. வண்டி முன்பைவிட ஒரு சாண் ஆழத்தில் உட்கார்ந்தது.

“டிராக்டரு...” என்று ஆரம்பித்தான் கருப்பசாமி.

“தெரியும்.”

இந்தத் தடவை காசிராஜன் சும்மா இருக்கவில்லை. சேற்றை ஒரு பாட்டிலில் அள்ளினார். நீளம், அகலம், ஆழம் அளந்து டைரியில் குறித்தார். ஊற்றுக்கண்ணாக இருக்கலாம், கம்மாய்க் கசிவாக இருக்கலாம், தரைக்கு அடியில் பாறை இருக்கலாம் என்று மூன்று காரணம் எழுதி, மாமனாரிடம் காட்டினார். மாமனார் மூன்றுக்கும் தலையாட்டினார். வேளாண்மை அலுவலகத்தில் அந்த பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கிருந்தவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார்.

“நல்ல மண்ணு சார். நல்லா தண்ணி காட்டியிருக்கீங்க. என்ன விதைக்கப் போறீங்க?”

“இது பாதை சார்.”

அவர் பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சீனி வேறு விளக்கம் வைத்திருந்தான். “டயரு பெருசாயிட்டு. வண்டி உசரம் பழைய உசரம். அதான் உரசுது. ரெண்டு இஞ்சு தூக்கிருவோம்.”

தூக்கினான். உரசல் நின்றது. ஆனால் செல்வலட்சுமியால் ஏற முடியவில்லை. சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை முயன்றுவிட்டு, “பஸ்ஸு ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூப்பிடவா?” என்றாள். ஆகவே இரண்டு பக்கமும் இரும்புப் படி வைக்கச் சொன்னார். படி வைத்தபோதே, இனிமேல் சேற்றில் மாட்டினால் நாமே கிளப்பிக்கொள்ளலாம் என்று சீனி கூரைமேல் கம்பிச்சட்டம் அடித்து, அதில் மண்வெட்டி, பலகை, ஜாக்கி எல்லாம் கட்டினான். முன்னால் நான்கு விளக்கும் வைத்தான்.

“விளக்கு எதுக்குலே?”

“சட்டத்த மட்டும் வச்சா நல்லாருக்காது அண்ணாச்சி.”

வீட்டுக்குக் கொண்டுவந்தால் போர்ட்டிகோவுக்குள் வண்டி நுழையவில்லை. தெருவில் நிறுத்தினார். எதிர்வீட்டுக் கல்யாணசுந்தரி வந்து, “எங்க வீட்டு ஜன்னல் வெளிச்சமே போயிட்டுங்க. போர் போடுற லாரியா?” என்று விசாரித்தாள்.

அதற்கடுத்த முறை பசுவந்தனையில் டீ குடிக்க நிறுத்தியபோது, வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கும்பிட்டார். கையில் பட்டா மாறுதல் மனு.

“நான் தாசில்தார் இல்லங்க.”

“விளக்கெல்லாம் வச்சிருக்கீங்களே சார்.”

காசிராஜனுக்கு மனுவைப் பார்த்துவிட்டுச் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. தேதி விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, பெறுநர் முகவரியைத் திருத்திக் கொடுத்தார். அதற்குள் இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

அன்றைக்குச் சேற்றில் டயர் உருளத்தான் செய்தது. புதிதாக வைத்த இரும்புப் படிதான் களிக்குள் கலப்பை மாதிரி இறங்கி இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. மண்வெட்டியை எடுக்கக் கூரைமேல் ஏறவேண்டும்; ஏறுகிற படி சேற்றுக்குள் கிடந்தது.

செல்வலட்சுமி பின்கதவு வழியாக இறங்கினாள். “நீங்க பதட்டப்படாதீங்க. அம்மா வெடக்கோழி அடிச்சிருக்காவ. நிதானமா வாங்க.”

நான்காவது திங்கள்கிழமையும் போயிற்று. தீபலட்சுமி இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

“வர்ற பதினெட்டாம் தேதி திங்கக்கிழமை, பட்டியல சரிபார்க்கத் தூத்துக்குடியில இருந்து வாராங்க. அன்னைக்கு உங்க நாற்காலி காலியா இருந்துச்சுன்னா, அடுத்த பேர எழுதிட்டுப் போயிருவாங்க. பெறவு எப்போன்னு எனக்கே தெரியாது.”

பதினேழாம் தேதி மாமனார் வீட்டு ஞாயிறு. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தார். ஆனால் அன்று மாமியாருக்குக் கண் ஆபரேஷன் கட்டு அவிழ்த்த பிறகு முதல் தடவையாகப் பார்க்கப் போகவேண்டும். செல்வலட்சுமி சேலைகளை எடுத்து வைத்துவிட்டாள். தவிர, ஐம்பதடிச் சேற்றுக்குப் பயந்து பின்வாங்கினோம் என்று ஆயுளுக்கும் உறுத்திக்கொண்டிருக்கும்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பால்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றது. சக்கரத்து மேலே மட்கார்டு இல்லை. காசிராஜன் தலையை வெளியே நீட்டினார்.

“மட்கார்டு எங்கங்க?”

“வீட்டுப் பரண்ல கிடக்கு.” அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு இடைசெவலுக்கு உள்ளே காட்டுப்பாதை. மழைக்காலத்துல கழட்டுனது. மட்கார்டு இருந்தா களி ஏறி அடைச்சு சக்கரமே சுத்தாதுல்லா.”

“பெறவு, டயரு?”

“காத்தப் பாதியா இறக்கிருவேன். டயரு சப்பையா, ஒட்டகக் காலு மாதிரி பரவி நிக்கும். இவ்வளவுதான்.” கேட் திறந்தது. போகிற போக்கில் அவர் கேட்டார். “ஆமா, எந்த டிப்பார்ட்மெண்ட் வண்டி சார் இது?”

காசிராஜன் நேராகச் சீனியிடம் போனார்.

“எல்லாத்தையும் கழட்டு.”

“எதெல்லாம்?”

“நீ மாட்டுனது எல்லாம். கம்பெனிக்காரன் மாட்டுன மட்கார்டு ரப்பரையும் சேத்துக் கழட்டு.”

சீனிக்கு முகம் வாடிவிட்டது. “விளக்கு மட்டும் இருக்கட்டுமே அண்ணாச்சி.”

பதினேழாம் தேதி காலை, தார்ச்சாலையிலிருந்து இறங்கியதும் காசிராஜன் வண்டியை நிறுத்தினார். ஒவ்வொரு டயராகக் குந்தி உட்கார்ந்து, குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். ஒவ்வொன்றாக அளவுமானி வைத்துப் பார்த்து டைரியில் எழுதினார்.

“ஏங்க, நல்ல டயருலேந்து காத்தப் பிடுங்குதீங்க?” என்றாள் செல்வலட்சுமி.

“பாரு.”

அந்த இடம் வந்தது. இதுவரை பார்த்ததிலேயே மோசமான சேறு அதுதான். ஐம்பதடி எழுபதடியாகியிருந்தது; நடுவில் கொக்கு ஒன்று நின்றது. காசிராஜன் பெரிய கியர் எதையும் தொடாமல், ஆக்ஸிலேட்டரை முட்டையை மிதிப்பதுபோல் மிதித்தார். வண்டி உள்ளே இறங்கியது. ஒருபக்கம் வழுக்கியது. களி சக்கரத்தில் ஏறி ஏறி, அடைவதற்கு இடமில்லாமல் கட்டி கட்டியாகக் கழன்று பின்னால் விழுந்தது. கொக்கு பறந்தது. எழுபதடியும் முடிந்து, முன்சக்கரம் காய்ந்த மண்ணில் ஏறிச் சரசரத்தது.

“வந்துட்டோம்,” என்றார் காசிராஜன். குரல் அவருக்கே மெல்லியதாகக் கேட்டது.

செல்வலட்சுமி திரும்பி அந்தச் சேற்றையே பார்த்தாள்.

தோட்டத்து வீட்டு முற்றத்தில், இரண்டு மாதமாக எந்தக் காரும் நிற்காத இடத்தில் வண்டி நின்றது. மாமனார் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். காசிராஜன் கைலியை மாற்றிக்கொண்டு வந்து, அடியில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தார்.

“செல்வி, நாலு மணிக்கு டாண்ணு கிளம்புதோம்,” என்றார் அங்கிருந்தே. “நாளைக்கு ஆபீஸ்ல மொத ஆளா உக்காந்திருப்பேன். ஏன்னு பெறவு சொல்லுதேன்.”

அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. அசையவில்லை. பையைத் தரையில் வைத்தாள்.

பம்ப்செட் பக்கமிருந்து வேகமாக இன்னும் இரண்டு கால்கள் வந்து அவள் எதிரே நின்றன. முழங்கால் வரைக்கும் ஈரக் களி. வண்டிக்கு அடியில் ஆள் கிடப்பது தெரியாமல் கருப்பசாமி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“என்னக்கா இது, நீங்க போன்ல சொன்னபடி மூணு மணி நேரம் பத்தாதுன்னு இந்தத் தடவ அஞ்சு மணி நேரம் பாதையில மோட்டாரத் தொறந்து விட்டேனே, பெறவு எப்படி வந்தாவ?”