பேஸ்மென்ட் தரையைப் பற்றி வாயைத் திறக்காதே

அன்புத் தம்பி கயெத்தானோவுக்கு,

உன் அக்கா அசுந்தா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நன்றாயிருக்கிறேன். வீடும் நன்றாயிருக்கிறது. எங்கள் இரண்டு பேரைப் பற்றியும் ஊரில் யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே. உன் இடுப்பு வலி, உன் மனைவியின் சர்க்கரை, ஃபுளோரிடா வெயில் எல்லாம் அளவோடு இருக்கும் என்று நம்புகிறேன். இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே கத்துவாய், நான் பதிலுக்குக் கத்துவேன், இரண்டு பேரில் ஒருவர் போனை வைத்துவிடுவோம். அதனால் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

எர்சிலியா உனக்கு போன் பண்ணியிருப்பாள். ஊரில் எவன் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குத்தானே முதலில் தெரியும். "உங்க அக்கா நீ போட்ட தரையைக் கோணல்னு வரிச் சபையில வச்சு சொல்லிட்டா" என்று சொல்லியிருப்பாள். நான் கோணல் என்று சொல்லவில்லை, தம்பி. கோணல் என்ற சொல்லே என் வாயிலிருந்து வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எனக்கும் அசதியாக இருக்கிறது, இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

போன வசந்தத்தில் கவுண்டி வரி ஆபீஸிலிருந்து எல்லா வீட்டுக்கும் புதிதாக மதிப்புப் போட ஆள் அனுப்பினார்கள். என் வீட்டுக்கு உன் அத்தான் (ஆன்மா சாந்தியடையட்டும்) இருந்தபோது போட்ட மதிப்புதான் இத்தனை வருஷமும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் மதிப்பை வைத்துத்தானே பள்ளிக்கூட வரி போடுகிறார்கள், அது ஏற்கெனவே வருஷா வருஷம் ஏறுகிறது. இந்த வருஷம் பந்து விளையாடும் மைதானத்துக்கு பிளாஸ்டிக் புல் போட்டிருக்கிறார்கள், புல் தானாக முளைத்து நம் முதுகை ஒடிக்கிற ஊரில். நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும், விளையாடட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் ஆட்டுக்கு யார் துணை என்று அப்பா கேட்டுவிட்டார். அப்படிப்பட்டவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்திருக்கிறேன் என்று கணக்குப் பார். அதே பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் என் பேத்தி மரிசா இன்று சட்டக் கல்லூரியில் இருக்கிறாள், வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று அவள் பேராசிரியர் சொன்னாராம். அவளே சொன்னாள், பொய் சொல்ல மாட்டாள்.

மதிப்புப் போட வந்தவர் பெயர் ப்ரூபேக்கர். ஒல்லியான மனிதர், கழுத்து சட்டைக் காலரில் ஒட்டவேயில்லை, பார்த்தாலே சாப்பாடு போடத் தோன்றும். "அஞ்சு நிமிஷம்தாம்மா, வெளியிலேர்ந்து அளந்துட்டுப் போயிடுவேன்" என்றார். "வெளியில நின்னு அளக்க இது என்ன மாட்டுக் கொட்டகையா? உள்ள வாங்க" என்றேன். சட்டப்படி அவர் உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லையாம், மரிசா பிறகுதான் சொன்னாள். நான்தான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு மனுஷன் வாசலில் நிற்கிறான், கீழே சாஸ் கொதிக்கிறது, வேறு என்ன செய்வாய்? பேஸ்மென்டுக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து பாஸ்தா போட்டேன், இறைச்சி உருண்டை வைத்தேன், உன் அத்தான் கடைசியாகப் போட்ட வைனில் ஒரு குவளை ஊற்றினேன். மனிதர் இரண்டு தட்டு சாப்பிட்டார். சாப்பிடுகிறவரிடம் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா, இந்த அடுப்பு என் வீட்டுக்காரர் வாங்கியது, இந்த வளைவு அவர் கட்டியது, இந்தக் குளியலறை என் மகள் லொரெட்டா கல்யாணத்துக்காகச் சேர்த்தது, இந்தத் தரை என் தம்பி முட்டி தேய்ந்து போட்டது, இப்படித் தரை மூன்று கவுண்டியில் கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ப்ரூபேக்கரும் நடுநடுவே எதையோ எழுதினார். சாஸ் செய்கிற விதத்தைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்து நான் நிதானமாகச் சொன்னேன்.

கோடையில் காகிதம் வந்தது. சமையலறை இரண்டு, ஆகவே இரண்டு குடித்தனம் இருக்கும் வீடு. கீழ்த்தளம் முழுதும் உயர்ந்த வேலைப்பாடு. மதிப்பு இரண்டு மடங்குக்கும் மேலே. பள்ளிக்கூட வரியை மட்டும் கட்டினால் அவர் விட்டுப்போன பென்ஷனில் எனக்கு மிஞ்சுவது உப்பும் மிளகும்தான். பக்கத்து வீட்டு ஹார்ட்ஸல் இருக்கிறானே, நடுவில் கல் மேடை வைத்த சமையலறை, பின்னால் நீச்சல் குளம், அவனுக்கு என்னைவிடக் குறைவு. அவன் கதவையே திறக்கவில்லையாம். வாயை மூடிக்கொண்டிருந்தவன் வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தார்கள், வாயைத் திறந்தவள் வீட்டைத் தட்டு வரைக்கும் பார்த்தார்கள். இதுதான் நியாயமாம்.

லொரெட்டா உடனே ஆரம்பித்துவிட்டாள். "வித்துட்டு எங்கூட வந்துரும்மா. எங்க அடுக்கு மாடில லிஃப்ட் இருக்கு, எல்லாம் இருக்கு" என்றாள். எல்லாம் இருக்கிறது, துணி காயப்போடக் கூடாது, பால்கனியில் துளசிச் செடிக்குக்கூட அனுமதி கேட்க வேண்டும். என் அத்திமரம் குளிரில் கருகாமல் இருக்க வளைத்துப் படுக்கவைத்து மண் மூட அங்கே எந்த மண்? தக்காளிச் சாறு காய்ச்சுகிற அன்று இருபது பேர் எங்கே நிற்பார்கள், லிஃப்டிலா? இந்த வீட்டிலிருந்து நான் படுத்துக்கொண்டுதான் வெளியே போவேன் என்று சொல்லிவிட்டேன். அழுதாள். நானும் அழுதேன். பிறகு சாப்பிட்டோம்.

மரிசாதான் இந்தப் பாட்டிக்குத் தைரியம் கொடுத்தாள். "நொன்னா, மேல்முறையீடு பண்ணலாம், நான் வந்து பேசறேன். வீட்ல என்னென்ன பழுதோ எல்லாத்தையும் படம் எடுக்கணும்" என்றாள். அவள் வருவதற்கு முன்னால் நான் விரிசலுக்கெல்லாம் பூசி வெள்ளை அடித்தேன், திரைச்சீலை துவைத்தேன், ஈரம் கசிந்த சுவரில் மாதா படத்தை மாட்டினேன். வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நொன்னா! பழுதைக் காட்டணும்னு சொன்னேன், நீ பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சியா?" "படம் எடுத்து நாலு பேர் பாக்கப் போறாங்க, அழுக்கு வீட்டையா காட்டறது?" என்றேன். அந்தக் களேபரத்தில் என் கைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சு விழுந்தது. விழுந்து மெதுவாக உருண்டு, மேஜைக்கு அடியில் புகுந்து, பேஸ்மென்டின் நடுவிலே போய் நின்றது. மரிசா இன்னொரு ஆரஞ்சை எடுத்து வேறு மூலையிலிருந்து விட்டாள். அதுவும் நடுவுக்கே போனது. "நொன்னா, வீடு உட்காருது! அஸ்திவாரம் எறங்குது!" என்று என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஆபத்து வந்ததற்கு ஒரு பிள்ளை இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கயெத்தானோ, தக்காளிச் சாறு காய்ச்சி முடித்து நான் குழாயைப் பிடித்துக் கழுவிவிட வேண்டும் என்பதற்காக, நாலு பக்கத்திலிருந்தும் நடுவில் இருக்கிற சாக்கடைத் துளைக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி நீ அந்தத் தரையைச் சாய்த்துப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். துளை மேலே நான் கம்பளம் விரித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவளுடைய முதல் வழக்கு, முகம் அப்படி மலர்ந்திருக்கிறது. எப்படிச் சொல்வேன்?

வரி மேல்முறையீட்டைக் கேட்கிற சபையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் எர்சிலியா, வேலையில்லாமல். நான் கறுப்பு உடையும் உன் அத்தான் வாங்கித் தந்த, மார்பில் குத்துகிற ப்ரூச்சும் போட்டுக்கொண்டு போனேன். தலைவர் கேட்டார்: "கீழ் சமையலறையை யாரும்மா பயன்படுத்தறாங்க?"

"எல்லாரும்."

"மேல் சமையலறையை?"

"யாரும் இல்ல. அது நல்ல சமையலறைங்க, அதுல எதுக்கு சமைப்பாங்க?"

"அப்ப கீழ வாடகைக்கு ஆள் இருக்காங்களா?"

"வாடகையா? எம் பிள்ளைங்ககிட்டயா? என்ன கேக்கறீங்க, உங்கம்மாவுக்கு நீங்க வாடகை குடுத்தீங்களா?"

மூவரில் ஓரத்தில் இருந்த அம்மாள் டி சாந்தோ, நம்ம நாட்டு ஆள்தான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கம்மா வீட்லயும் இதே கதைதான். மேல இருக்கிற ஓவன்ல பாத்திரத்தைத்தான் அடுக்கி வச்சிருப்பாங்க" என்றாள். அதோடு விட்டிருந்தால் நன்றாயிருக்கும். மரிசா ஆரஞ்சு உருளும் படத்தைப் போட்டுக் காட்டினாள். மூன்று பேரும் அதை மறுபடி போடச் சொன்னார்கள்.

"நிஜமாவே உருளுதாம்மா?"

"உருளும்."

"எங்கேர்ந்து விட்டாலும்?"

"எங்கேர்ந்து விட்டாலும் நடுவுக்குத்தான் வரும்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பழகிப்போச்சு" என்றேன்.

இதில் ஒரு பொய் உண்டா, நீயே சொல். கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை. ப்ரூபேக்கரிடம் அதைச் செய்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து தூங்க முடியவில்லை. உன் அத்தான் வாங்கிய வீட்டையும் நீ போட்ட தரையையும் நாலு பேர் பரிதாபமாகப் பார்த்தார்களே. இருந்தாலும் முடிவு இன்னும் வரவில்லை. அதனால் தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், எர்சிலியா கேட்டாலும், கவுண்டியிலிருந்தே கேட்டாலும், நீ தரையைப் பற்றி வாயைத் திறக்காதே. "அது நான் வேணும்னே சாச்சது, அந்த மாதிரி எவன் போடுவான்" என்று பெருமை பேச ஆரம்பித்துவிடாதே. உன் பெருமையில் என் வீடு போய்விடும். பெருமை பேசினால் என்ன ஆகும் என்று இந்தக் குடும்பத்தில் ஒருத்தி காட்டியது போதும்.

உன் மனைவிக்கு என் முத்தம். இனிப்பைத் தொடாமல் இருக்கச் சொல், உன்னையும்தான். பிள்ளைகளை மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பூண்டு அனுப்புகிறேன், அங்கே கிடைப்பது பூண்டே இல்லை.

என்றும் உன் அக்கா,
அசுந்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது முடிவு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். மதிப்பைப் பழையபடி ஆக்கிவிட்டார்கள். ஆனால் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "அஸ்திவாரம் இறங்கியது. வீட்டின் நிலை: மோசம்." மோசம்! ஊரே பார்க்கலாமாம். எர்சிலியா துக்க வீட்டுக்குக் கொண்டுவருவது போல மூடி போட்ட பாத்திரத்தோடு வந்துவிட்டாள். ஹார்ட்ஸல் வேலிக்கு மேலே எட்டி, இடிக்கிற விலைக்கு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். லொரெட்டா எனக்கு அறை ஒழித்துவிட்டாள். மரிசாவோ, "விழப்போற வீட்ல உன்னை ஒரு ராத்திரிகூடப் படுக்க விடமாட்டேன் நொன்னா" என்று அழுகிறாள். அவள் வாதத்தை அவளே முழுசாக நம்பிவிட்டாள், அவ்வளவு கெட்டிக்காரி.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வா. கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, சபையார் மூன்று பேர் முன்னாலும் நான் தண்ணீர் ஊற்றுகிறேன், நீ வாயைத் திறந்து எவ்வளவு வேண்டுமானாலும் பெருமை பேசு. வரியை நான் கட்டிக்கொள்வேன். அவர்கள்தான் இரண்டு குடித்தன வீடு என்றார்களே, மேல் வீட்டை வாடகைக்கு விட்டுவிடுகிறேன். அடுப்பு புதுசு, ஒரு நாள்கூடப் பற்றவைத்ததில்லை என்று விளம்பரத்தில் போடச் சொல்லியாகிவிட்டது. நான் கட்டிலைக் கீழே இறக்கிக்கொள்கிறேன். வரும்போது கட்டில் கால்களுக்கு முட்டுக் கொடுக்க இரண்டு பலகைத் துண்டும் கொண்டு வா. இல்லையென்றால் தூக்கத்தில் நான் உருண்டு துளைக்குப் போய்விடுவேன். அவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறாய்.