தாடை ஐயா வாங்கிய அறை

ஈப்போவில் எத்தனை பேர் இருந்தார்களோ, அத்தனை பேருடைய தாடையையும் அறிந்த ஒரே மனிதர் எங்கள் தாடை ஐயாதான். யாருடைய பெயரும் அவருக்கு நினைவில் நிற்காது, முகமும் நிற்காது. தெருவில் போகிறவரைக் காட்டி, "இடப்பக்கம் ஞானப்பல் படுத்துக் கிடக்கிற ஆள்" என்றுதான் அடையாளம் சொல்வார்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஒரு பல் மருத்துவமனையில் சீட்டு எழுதும் கிராணி நான். அவர் அங்கே எக்ஸ்ரே எடுப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். மத்தியானம் மரவள்ளிக்கிழங்கை மெல்லவிடாமல் என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புவார். கேட்க வேறு ஆளில்லாததால் தாடை எலும்பின் பெருமைகளையெல்லாம் என்னிடமே பேசுவார். நான் தலையாட்டுவேன். அவர் அந்தப் பக்கம் போனதும் அவரைப் போலவே பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்கவைப்பேன்.

ஒருநாள் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, பால்மரம் வெட்டும் காத்தமுத்து வந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை, முன்பற்கள் போய்விட்டன. கிழங்கு தின்ற பஞ்சத்தின் வேலை என்றார்கள் எல்லாரும். விழுந்த பற்களில் சொத்தையே இல்லை, வேரும் முழுசாக இருந்தது என்று காத்தமுத்து சொன்னதும் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். காத்தமுத்துவின் அக்காவையும் வரவழைத்தார். கையிருப்பில் மிஞ்சியிருந்த கடைசி இரண்டு பெரிய பிலிம்களையும் அவர்களுக்கே செலவழித்தார். இரண்டிலும் எலும்பு இருக்கவேண்டிய இடம் கொசுவலை மாதிரி நைந்து தெரிந்தது.

"இது பஞ்சமில்லை, தம்பி. பிறப்பிலயே எலும்புக்குச் சுண்ணாம்பு பிடிக்கேல்லை. குடும்பத்து வருத்தம்," என்றார். அந்த நோயின் பெயர் அவருக்கும் தெரியாது.

மறுவாரம் நான் செய்த காரியத்தை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. சோதனைச் சாவடியில் காட்டும் பாஸ் கசங்காமலிருக்க எனக்கு ஓர் உறை வேண்டியிருந்தது. காத்தமுத்துவின் பிலிமை எடுத்துச் சுடுநீரில் சலவைச் சோடா போட்டுத் தேய்த்தேன். தாடை கரைந்து போயிற்று. கண்ணாடி மாதிரி அழகான உறை கிடைத்தது.

சில நாளில் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். போனவர்களில் அநேகம் பேர் திரும்பாத இடம் அது. பட்டியலில் காத்தமுத்துவும் இருந்தார். எலும்பு பலமில்லாதவர் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று ஐயா பிலிமைத் தேடினார். நானும் கூட நின்று தேடுவதுபோல் நடித்தேன். கடைசியில் அக்காவின் பிலிமை எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பீடோருக்குப் போனார்.

ஆட்களைச் சோதித்த ஜப்பானிய டாக்டருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். பிலிமின் ஓரத்தில் இருந்தது 'மிஸஸ்' என்று தொடங்கும் பெண் பெயர். ஏமாற்ற வந்தவன் என்று நினைத்து ஐயாவின் தாடையிலேயே ஓர் அறை விட்டார். என் கன்னத்தில் விழவேண்டிய அறை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா உதட்டு ரத்தத்தைக்கூடத் துடைக்காமல், பிலிமை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அக்காவுக்கு இருப்பது தம்பிக்கும் இருக்கிறது, பல்லை அசைத்துப் பாருங்கள் என்றார்.

டாக்டர் காத்தமுத்துவின் கடைவாய்ப் பல்லைத் தொட்டு அசைத்தார். அது வேரோடு அவர் கையில் வந்துவிட்டது. காத்தமுத்துவைவிட டாக்டர்தான் அதிகம் பயந்துபோனார். பட்டியலில் பெயரை அடித்தார்.

திரும்பும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அந்தப் பிலிம நான்தான் எடுத்தேன்," என்றேன்.

"தெரியும், தம்பி. அண்டைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஐயா ஒன்னும் கேக்கல?"

வீங்கிய வாயால் மெதுவாகச் சொன்னார். "கேட்டால் வெக்கத்தில நீர் வேலைக்கு வரமாட்டீர். பிறகு நான் ஆரோட கதைக்கிறது?"

மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே போய், அவருக்காகக் காத்திருந்தேன்.